மூன்று தரம் சொல்ல வேண்டிய பெயர்

கொட்டாஞ்சேனை,
14.02.2025

அன்புள்ள சாருஜாவுக்கு,

ஜெகதீஸ்வரி எழுதுவது. எந்த ஜெகதீஸ்வரி என்று கேட்கிற அளவுக்குக் கோபம் இருந்தால் இப்படி வாசித்துக்கொள்ளும்: உம்முடைய புருஷன் பிரதீபனின் ஒரே அக்கா, கொட்டாஞ்சேனையில் மணப்பெண் அலங்காரக் கடை வைத்திருக்கிறவள், போன சனிக்கிழமை உம்முடைய பிள்ளையின் முப்பத்தோராம் நாள் துடக்குக் கழித்துப் பெயர் வைக்கிற சடங்கில் வாயைத் திறந்து எல்லாவற்றையும் கெடுத்தவள்.

வட்ஸ்அப்பில் என்னை ப்ளொக் பண்ணிவிட்டீர். போனும் எடுக்கிறீர் இல்லை. தபால்காரரை ப்ளொக் பண்ண ஏலாது என்ற தைரியத்தில்தான் பேனையைத் தூக்கினேன். நான் கடைசியாகக் கடிதம் எழுதியது கல்யாணத்துக்கு முதல், எங்கள் வீட்டுக்காரருக்கு. பதினாறு பக்கம். அந்த மனுசன் போட்ட பதில் நாலு வரி, அதிலும் ஒரு வரி திகதி. உம்மிடமிருந்து அந்த நாலு வரி வந்தாலே போதும்.

நடந்ததை ஒருதரம் ஒழுங்காகச் சொல்லிப் பார்க்கிறேன். எங்கே பிழை நடந்தது என்று எனக்கும் தெரிய வேண்டும்.

பிள்ளை பரணி நட்சத்திரம். ஐயர் லி, லு, லே, லோ என்று நாலு எழுத்தைக் கடதாசித் துண்டில் எழுதித் தந்தார். லுவில் தமிழ்ப் பிள்ளைக்கு என்ன பெயர் வைப்பது, லுங்கி என்றா என்று அன்றைக்கே கேட்டேன். நீரும் சிரித்தீர். ஞாபகம் இருக்கட்டும், நீர் கடைசியாகச் சிரித்தது என்னுடைய பகிடிக்கு. பிறகு லோஜினி, லினோஜா, லேகா என்று எங்கள் ஆட்கள் வரிசையில் நின்று பெயர் கொடுக்க, நீர் ஒருவரையும் கேளாமல் "லியா" என்றீர். சின்னப் பெயர், நல்ல பெயர், ஒருவரும் மறுபேச்சுப் பேசவில்லை.

எங்கள் வீட்டு வழக்கப்படி பெயரைத் தகப்பனின் சகோதரியான மாமிதான் பிள்ளையின் காதில் மூன்று தரம் சொல்ல வேண்டும். மாமி நான் ஒருத்திதான். பட்டுச் சேலை கட்டி, பிள்ளையை மடியில் வாங்கி, குனிந்து சொல்ல வேண்டிய நேரம். ஆனால் நாற்பது பேர் என்னைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள் அல்லவா! நாற்பது பேர் பார்க்கும்போது என்னுடைய வாய் எனக்குச் சொந்தமில்லை. "பொறுங்கோ பொறுங்கோ, பேருக்கு என்ன கருத்தெண்டு பாத்திட்டுச் சொல்லுவம்" என்று போனை எடுத்தேன். அதில் போட்டிருந்ததை அப்படியே உரத்து வாசித்தேன். எபிரேய மொழிப் பெயர். கருத்து, களைத்துப்போனவள். வேறு சிலர் சொல்லும் கருத்து, பசு மாடு.

இதுதான் நடந்தது. போன் சொன்னதை நான் சொன்னேன். சனம் சிரித்தது. நீர் எழும்பி வந்து என் மடியில் இருந்த பிள்ளையை வாங்கிக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினீர். நாற்பது பேருக்குச் சமைத்த சாப்பாட்டை நாற்பது பேரும் கிசுகிசுத்துக்கொண்டே சாப்பிட்டார்கள். நானும் சாப்பிட்டேன். கத்தரிக்காய்க் குழம்பு நன்றாக இருந்தது என்று சொல்லவே வெட்கமாக இருக்கிறது, ஆனால் நன்றாகத்தான் இருந்தது.

பிரதீபனைக் கேட்டால், "அவ ரெஸ்ட் எடுக்கிறா அக்கா" என்கிறான். ஆறு நாளாக ஒரே ரெஸ்ட்டா?

பெயர் பிடிக்காமல் போய்விட்டதென்றால் மாற்றிவிடலாம். பதிவுக்கு மூன்று மாதம் தவணை இருக்கிறது. லோவில் மட்டும் இருபத்தொரு பெயர் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். லியாதான் வேண்டும் என்றாலும் வந்து காதில் சொல்லிவிட்டுப் போகிறேன். இந்தமுறை போனை வீட்டில் வைத்துவிட்டு வருவேன்.

கோபத்தைப் பதிவுத்தபாலில் அனுப்பினாலும் கையெழுத்து வைத்து எடுக்கத் தயாராக இருக்கும்,
ஜெகா மச்சாள்


வெள்ளவத்தை,
25.02.2025

ஜெகா மச்சாளுக்கு,

கடிதம் கிடைத்தது. பிரதீபன் "அக்கா எழுதியிருக்கிறா, வாசியுமன்" என்று மேசையில் வைத்தார். நாலு நாள் அங்கேயே கிடந்தது. அதன் மேல் பால்போத்தல் வைத்தேன். வட்டமாக ஊறியிருக்கிறது. சில இடங்களை வாசிக்க முடியவில்லை.

நீங்கள் எழுதியதில் பொய் ஒன்றும் இல்லை. ஒரு வசனம் மட்டும் குறைகிறது.

பசு மாடு என்று சொன்ன பிறகு நீங்கள் என் பக்கம் திரும்பினீர்கள். "தாயின்ர முகத்தைப் பாருங்கோ, இதைவிடப் பொருத்தமான பேர் கிடைக்குமோ!" என்றீர்கள். பசு மாட்டுக்குச் சிரித்தவர்கள் நாலைந்து பேர். இதற்குத்தான் ஹோல் முழுக்கச் சிரித்தது. பிரதீபனும் சிரித்தார். நான் பார்த்தேன்.

அன்று காலையில் என் கண்ணுக்குக் கீழே இருந்த கறுப்பை மறைக்க உங்கள் பெட்டியிலிருந்து மூன்று விதம் எடுத்துப் பூசினீர்கள். "ஒருத்தருக்கும் தெரியாது, நான் கியாரண்டி" என்றீர்கள். பூசின கையாலேயே பத்து மணிக்குத் துடைத்தும் விட்டீர்கள்.

பிள்ளைக்கு இன்னும் பெயர் இல்லை. "பிள்ளை" என்றுதான் கூப்பிடுகிறோம். கிளினிக் கொப்பியில் "பேபி" என்று எழுதியிருக்கிறார்கள். அவள் இரவில் நித்திரை கொள்ளுவதில்லை, பகலிலும் இல்லை. பதினொரு வருடம் மருந்து, ஊசி, நேர்த்தி என்று அலைந்து முப்பத்தொன்பது வயதில் பெற்ற பிள்ளை. பார்க்க வருகிற எல்லாரும் "இனி உனக்கு என்ன குறை" என்று கேட்கிறார்கள். கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்பதில்லை.

பெயர்ப் பட்டியலைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். இனி எழுத வேண்டாம்.

சாருஜா


கொட்டாஞ்சேனை,
02.03.2025

சாருஜா,

எழுத வேண்டாம் என்றீர். எழுதுகிறேன். சொல்வழி கேட்கிற பழக்கம் இருந்திருந்தால் எனக்கு இந்த நிலைமையே வந்திராது.

அந்த வசனம் எனக்கு மறக்கவில்லை. வேண்டுமென்றுதான் விட்டேன். முதல் கடிதத்தை எழுதும்போது அந்த இடத்துக்கு வந்ததும் பேனை நின்றது. எழும்பிப் போய்த் தேத்தண்ணி ஊற்றினேன். வந்து "சனம் சிரித்தது" என்று எழுதிக் கடந்துவிட்டேன். நீர் கண்டுபிடிக்க மாட்டீர் என்று நினைத்தேனோ, கண்டுபிடிக்க வேண்டும் என்று நினைத்தேனோ, சத்தியமாகத் தெரியாது.

மன்னித்துக்கொள்ளும். பகிடி சேர்க்காமல் எழுதிய வசனம் அது ஒன்றுதான், கவனித்திருப்பீர்.

இந்தப் பெயரை நான் விடவில்லை. கடைக்குப் புருவம் எடுக்க வருகிற கத்தோலிக்க ரீச்சர் ஒருவரிடம் கேட்டேன். அவ கதிரையில் தலையைச் சாய்த்துக்கொண்டே முழுக் கதையும் சொன்னா. லேயா என்ற பெயர்தான் இப்போது லியா என்று குறுகியிருக்கிறதாம். எபிரேயத்தில் களைப்பு, சோர்வு என்று வருகிற சொல்லோடு சேர்ந்தது என்று ஒரு பகுதியார். அதைவிடப் பழைய வேறொரு மொழியில் பசுவைக் குறித்த சொல் என்று இன்னொரு பகுதியார். ஆயிரக்கணக்கான வருடமாகச் சண்டை தீரவில்லையாம். எங்கள் குடும்பத்துக்கு ஏற்ற பெயர்.

அந்தப் பெயரோடு முதலில் இருந்தவள் இரண்டு பெண்களில் மூத்தவளாம். மாப்பிள்ளை இளையவளைக் கேட்டு ஏழு வருடம் வேலை செய்தான். கல்யாணத்தன்று தகப்பன் முக்காட்டுக்குள் மூத்தவளை இருத்தி அனுப்பிவிட்டார். விடிந்துதான் மாப்பிள்ளைக்குத் தெரியும். இருபத்தேழு வருடமாகப் பொம்பிளை சோடிக்கிற எனக்கு இது விளங்கவே இல்லை. நான் எவ்வளவு பூசினாலும் மாப்பிள்ளைமாரின் தாய்மார் பத்தடி தூரத்திலேயே கண்டுபிடிக்கிறார்கள். அந்தக் காலத்து அலங்காரக்காரி யாரோ, கை எடுத்துக் கும்பிட வேண்டும்.

நான் சிரிக்க, ரீச்சர் சிரிக்கவில்லை. "அவளிட்டை ஒருத்தரும் கேக்கேல்லை ஜெகா. முக்காட்டுக்குள்ளை இருந்தவளுக்கு எப்பிடி இருந்திருக்கும்?" என்றா. அதற்குப் பிறகு எனக்கும் கை ஓடவில்லை. அவவுடைய ஒரு பக்கப் புருவம் மற்றதைவிட மெல்லிசாகப் போய்விட்டது. இன்னும் சொல்லவில்லை.

பிரதீபனுக்கு நேற்றுப் போன் எடுத்தேன். "அவ நல்லாத்தான் இருக்கிறா. கதைக்கிறேல்லை, அவ்வளவுதான்" என்றான். "டேய், கதைக்காட்டி அது என்னடா நல்லாயிருக்கிறது?" என்று கேட்டேன். "பிள்ளை பிறந்தாப் பொம்பிளையள் அப்பிடித்தானே அக்கா" என்றான். நாற்பத்து மூன்று வயது, வங்கியில் முகாமையாளர், மூளையைக் கந்தோர் லாச்சியில் வைத்துப் பூட்டிவிட்டு வருகிறான். சின்னதில் அவனைத் தூக்கி வளர்த்தவள் நான், ஒன்றிரண்டு தரம் விழுத்தியும் இருக்கிறேன். ஒருவேளை அதுவாக இருக்கலாம்.

சாருஜா, சாப்பிடுகிறீரா? நித்திரை கொள்ளுகிறீரா? உம்முடைய கடிதத்தை நான் ஐந்து தரம் வாசித்தேன். "பதிலுக்கு நிற்பதில்லை" என்ற இடத்தில் ஐந்து தரமும் நின்றேன். நான் நிற்கிறேன். சொல்லும்.

ஜெகா


வெள்ளவத்தை,
13.03.2025

ஜெகா மச்சாளுக்கு,

கீழ் மாடி மர்லியா அக்கா உங்களுக்கு நேற்றே போன் எடுத்திருப்பா. உங்கள் நம்பர் எப்படித் தெரியும் என்று கேட்டேன். மகள் ஸும்றாவின் கல்யாணத்துக்குச் சோடித்தது நீங்கள்தானாம். கொழும்பில் உங்களுக்குத் தெரியாத வீடு இல்லை. அவ சொன்னது எப்படி இருந்ததோ தெரியாது. அதனால் நான் எழுதுகிறேன்.

நேற்றுப் பின்னேரம் மூன்றரை மணி. பிள்ளை காலையிலிருந்து அழுதுகொண்டிருந்தாள். நான் அவளைத் தூக்கிக்கொண்டு படியால் இறங்கினேன். குடை எடுக்கவில்லை. செருப்பும் போடவில்லை என்று பிறகுதான் தெரிந்தது. மரைன் ட்ரைவைக் கடந்து கடல் பக்கம் போய்த் தண்டவாளத்துக்குக் கிட்ட நின்றேன். கடல் வெள்ளையாக இருந்தது. பிள்ளை அழுகையை நிறுத்திவிட்டாள். எவ்வளவு நேரம் என்று தெரியாது.

பிறகு என் சேலைத் தலைப்பு பறந்தது. காற்று என்று நினைத்தேன். பார்த்தால் ரயிலின் கடைசிப் பெட்டி போகிறது. ரயில் வந்தது எனக்குக் கேட்கவில்லை மச்சாள். அவ்வளவு பெரிய சத்தம். கேட்கவில்லை.

பின்னாலிருந்து யாரோ என் கையைப் பிடித்தார்கள். மர்லியா அக்கா. மருந்துக்கடைக்குப் போய்விட்டு வந்தவவாம். "புள்ள, வாங்க, ஊட்டுக்குப் போய்த் தேத்தண்ணி குடிப்போம்" என்றா. வேறு ஒன்றும் கேட்கவில்லை. வீடு வரும்வரை கையை விடவும் இல்லை.

நான் ஒன்றும் செய்யப் போகவில்லை. அப்படித்தான் நினைக்கிறேன். பிரதீபனும் அதையே கேட்டார். நானும் இதையே சொன்னேன். அவர் நம்பிவிட்டார். நான் இன்னும் நம்பவில்லை.

நீங்கள் நிற்கிறேன் என்று எழுதியிருந்தீர்கள். அதனால் ஒன்று சொல்கிறேன். அந்தப் பெயரின் கருத்து எனக்கு முதலே தெரியும்.

பிள்ளை பிறந்து ஒன்பதாவது நாள். ஒரு கையால் அவளைப் பிடித்துக்கொண்டு மற்றக் கையால் போனில் லி, லு, லே, லோ என்று தேடிக்கொண்டிருந்தேன். எல்லாப் பெயருக்கும் ஒளி, செல்வம், வெற்றி, அழகு, தேவதை. ஒரு பெயருக்கு மட்டும் "களைத்தவள்" என்று இருந்தது. நான் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். யாரோ ஒரு தாய், எத்தனையோ ஆயிரம் வருடத்துக்கு முந்தி, இந்தச் சொல்லைத் தன் பிள்ளைக்குப் பெயராக வைத்திருக்கிறாள். வைக்கலாமா, அப்படிச் சொல்லலாமா என்று அழுகை வந்தது. எனக்குச் சொல்ல ஆள் இல்லை. பதினொரு வருடம் கேட்டு வாங்கிய பிள்ளையைக் கையில் வைத்துக்கொண்டு களைக்கிறது என்று யாரிடம் சொல்வது? பெயராக வைத்தால் ஒருவருக்கும் தெரியாது, ஆனால் நான் சொல்லிவிட்டேன் என்று இருக்கும். அதனால் வைத்தேன்.

அதை நீங்கள் ஒலிபெருக்கி இல்லாமலே நாற்பது பேருக்கு வாசித்தீர்கள். பிறகு என் முகத்தைக் காட்டினீர்கள்.

இப்போது என் கவலை வேறு. அவள் வளர்ந்து ஒருநாள் தானே தேடிப் பார்ப்பாள். அம்மா தன் களைப்பைத் தூக்கி என் தலையில் எழுதியிருக்கிறா என்று நினைப்பாளா? நான் செய்தது பாவமா? லோஜினி என்று வைத்துவிட்டு எல்லாவற்றையும் மறந்துவிடட்டா? பதிவுக்கு இன்னும் நாலு கிழமைகூட இல்லை. பகிடி விடாமல் சொல்லுங்கள்.

சாருஜா


வெள்ளவத்தை, மர்லியா வீட்டு மேசை,
15.03.2025

சாருஜா,

இது தபாலில் வரவில்லை. உம்முடைய கதவுக்குக் கீழால் வருகிறது. மர்லியா போனில் உமக்குக் களைப்பு என்று மட்டும்தான் சொல்லியிருந்தா, உம்முடைய கடிதம் இன்று காலைதான் கிடைத்தது. கடையைப் பூட்டினேன். இரண்டு பொம்பிளைகள் பாதித் தலையோடு நின்றார்கள், பக்கத்துக் கடைக்கு அனுப்பினேன். எங்கள் வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு வந்தேன். ஒருகொடவத்தை யார்டில் கொள்கலன் எண்ணுகிற மனுசன், வேலைநாளில் ஒருதரமும் பாதியில் வந்ததில்லை. இன்று கேள்வி கேட்காமல் வந்து கீழே ஆட்டோவுக்குள் இருக்கிறார்.

உம்முடைய கதவுக்கு வெளியே முக்கால் மணித்தியாலம் நின்றேன். மணி அடிக்கவில்லை. உள்ளே பிள்ளை அழுதது, பிறகு நின்றது. நீர் நித்திரையாக இருந்தால் மணி அடிக்கிறவளை நானே மன்னிக்க மாட்டேன். அதனால் கீழே இறங்கி மர்லியாவிடம் கடதாசி கேட்டேன். மளிகைச் சாமான் எழுதுகிற கொப்பியிலிருந்து கிழித்துத் தந்தா. பின்பக்கத்தில் பருப்பு, சீனி என்று இருந்தால் அது உமக்கில்லை.

பகிடி விடாமல் சொல் என்றீர். முயற்சி செய்கிறேன். எனக்கு இது ஒற்றைக்காலில் நிற்பது மாதிரி.

என் மகன் ஹரிசன் பிறந்து இரண்டு மாதம். பத்தொன்பது வருடத்துக்கு முந்தி. வீடு வீடாகப் போய்ச் சோடித்தது போய், கடை அப்போதுதான் தொடங்கியிருந்தது. ஒருநாள் காலை பத்து மணி இருக்கும், பிள்ளையைச் சேலை மடிக்கிற வாங்குப் பலகையில் கிடத்தினேன். இரண்டு பக்கமும் தலையணை வைத்தேன். வெளியே வந்து தெருவில் நின்ற முதல் பஸ்ஸில் ஏறினேன். மட்டக்குளி வரைக்கும் போகிற பஸ். யன்னல் ஓரம் இருந்தேன். காற்றுப் பட்டது. மட்டக்குளியில் எல்லாரும் இறங்கினார்கள், நான் இறங்கவில்லை. கொண்டக்டர் "அக்கே, மெதனின் இவராய்" என்றான். இத்தோடு முடிந்தது என்கிறான். எனக்கு அது பஸ்ஸைப் பற்றிச் சொன்னதாகப் படவில்லை. அதே பஸ்ஸில் அதே சீற்றில் திரும்பி வந்தேன்.

பிள்ளை அப்படியே கிடந்தான். கை காலை அடித்துக்கொண்டு கண்ணாடியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். பக்கத்துக் கடைக்காரி "எங்கை போனனீ?" என்று கேட்டா. "பொட்டு வாங்கப் போனனான்" என்றேன். பத்தொன்பது வருடமாக அது பொட்டாகவே இருக்கிறது. இவருக்குத் தெரியாது. ஹரிசனுக்குத் தெரியாது. இப்போது உமக்குத் தெரியும்.

அன்று காலை உம்முடைய கண்ணுக்குக் கீழே பூசும்போது எனக்குத் தெரிந்தது சாருஜா. நித்திரை இல்லாத கறுப்பு வேறு, இது வேறு. பத்தொன்பது வருடத்துக்கு முந்தி என் கடைக் கண்ணாடியில் பார்த்த அதே கறுப்பு. "என்னம்மா செய்யுது" என்று கேட்க வேண்டிய இடம் அது. நான் கேட்கவில்லை. பூசினேன். கேட்டால் நீர் சொல்லுவீர், நீர் சொன்னால் நானும் சொல்ல வேண்டி வரும். பத்து மணிக்குப் போனில் அந்தச் சொல்லைப் பார்த்ததும் நெஞ்சு திடுக்கிட்டது. திடுக்கிட்டால் எனக்கு வருவது சிரிப்பு. அதை உம்முடைய முகத்தில் கொட்டிவிட்டேன்.

பாவமா என்று கேட்டீர். எனக்குப் பதில் தெரியாது. ஹரிசன் என்று நான் பெயர் வைத்தது எண்சாத்திரத்தில் ஐந்து வருகிறது என்பதற்காக. என் பெயர் உலகத்துக்கே ஈஸ்வரி என்கிறது, வீட்டுப் பைப் உடைந்தால்கூட எனக்கு ஒன்றும் செய்யத் தெரியாது. பெயர் ஆளைச் செய்யுமோ செய்யாதோ, உம்மிடம் கெட்டித்தனமாகச் சொல்ல நான் ஆளில்லை. மூன்றாம் பந்தியிலிருந்து பகிடி விடவில்லை என்று பெருமையாக இருந்தேன், அதுவும் போய்விட்டது.

ஒன்று மட்டும் தெரியும். நான் டொக்டரிடம் போகவில்லை. போகலாம் என்றே எனக்குத் தெரியாது. அது தானாக விடுவதற்கு ஒன்றரை வருடம் எடுத்தது. அந்த ஒன்றரை வருடத்து ஹரிசன் எனக்கு ஞாபகம் இல்லை. போட்டோக்களில் நான் சிரித்துக்கொண்டு நிற்கிறேன், அவன் எப்போது நடந்தான் என்று கேட்டால் தெரியாது. உமக்கு அப்படி வரக்கூடாது.

பிரதீபனுடன் கதைத்துவிட்டேன். கதைத்தேன் என்பது மரியாதைக்கு. திங்கட்கிழமை லீவு போட்டிருக்கிறான். மர்லியாவின் தங்கை பஹ்மா இதே வருத்தத்துக்கு மருந்து எடுத்தவவாம், அந்த டொக்டரிடமே நேரம் எடுத்திருக்கிறோம். மர்லியா உம்முடன் வருவா. நான் வரமாட்டேன், நீர் கூப்பிட்டால் தவிர. அதுவரை மர்லியா நாளுக்கு மூன்று தரம் கதவைத் தட்டுவா. திறவும். சீனி கேட்டு வந்தேன் என்பா. அவ வீட்டில் சீனி நிறைய இருக்கிறது, இப்போதுதான் பார்த்தேன்.

ஜெகா


வெள்ளவத்தை,
04.04.2025

ஜெகா மச்சாளுக்கு,

ப்ளொக்கை எடுத்து இரண்டு கிழமையாகிறது. நீங்கள் கவனிக்கவில்லை போல. கவனித்துவிட்டுப் பேசாமல் இருக்கிறீர்கள் என்றால் உங்களுக்கும் ஏதாவது வருத்தமா என்று பார்க்க வேண்டும். எனக்கு எழுதுவது பழகிவிட்டது, அதனால் இது.

டொக்டர் அதிகம் கதைக்காத மனுசி. நான் அழுது முடியும்வரை கடிகாரத்தைப் பார்க்கவில்லை. குளிசை தந்திருக்கிறா. கிழமைக்கு ஒருதரம் போகிறேன். நல்லாகிவிட்டேன் என்று எழுத மாட்டேன். போன செவ்வாய் முழுக்கக் கட்டிலை விட்டு எழும்பவில்லை. புதன் எழும்பினேன். மர்லியா அக்கா இதுவரை வாங்கிய சீனியில் ஒரு கல்யாணம் செய்யலாம். பிரதீபன் இரவில் ஒரு போத்தல் பால் கொடுக்கிறார். கொடுத்துவிட்டு நித்திரையாகிவிடுகிறார், பிறகு பிள்ளையும் நானும் சேர்ந்து அவரை எழுப்புகிறோம். அந்த ஹோலில் சிரித்ததற்கு அவர் மன்னிப்புக் கேட்டார். நான் இன்னும் பதில் சொல்லவில்லை.

இன்று பதிவுக் கந்தோருக்குப் போனோம். வாசல் வரைக்கும் எனக்கு என்ன எழுதுவது என்று தெரியாது. பையில் உங்கள் லோ பட்டியல் இருந்தது. திருப்பி அனுப்பினது என்று எழுதினேனே, அனுப்பவில்லை. பால்போத்தல் வட்டம் அதிலும் இருக்கிறது.

பதிவாளர் ஐம்பது வயது மதிக்கத்தக்க சிங்கள மனுசி. முன்னால் ஃபைல் மலை மாதிரி. மேலே பார்க்காமலே "நம மொகத்த?" என்று பெயரைக் கேட்டா. பிரதீபன் என்னைப் பார்த்தார். பிள்ளையும் என்னைப் பார்த்தாள், இப்போது அவள் முகம் பார்க்கிறாள் மச்சாள், நேராகப் பார்க்கிறாள். "லியா" என்று என் வாயில் வந்தது.

அவ எழுதினா. எழுதிக்கொண்டே, "லஸ்ஸன நமக். தேரும மொகத்த?" என்றா. வடிவான பெயர், கருத்து என்ன என்கிறா. ஹோல், நாற்பது பேர், உங்கள் போன், எல்லாம் ஞாபகத்துக்கு வந்தது. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். தேவதை என்று சொல்லியிருக்கலாம். நான் சொன்னேன், "மஹன்சி. மஹன்சி வுன கெனெக்." களைத்துப்போன ஒருத்தி.

அவ பேனையைக் கீழே வைத்தா. முதல் தடவையாக என்னைப் பார்த்தா, பிறகு பிள்ளையை, பிறகு தன் மேசையில் இருந்த ஃபைல் மலையை. "அனே, மடத் மஹன்சி நோனா" என்றா. எனக்கும்தான் களைப்பு என்று. சொல்லிவிட்டுச் சிரித்தா. எனக்குப் பின்னால் கைப்பிள்ளையோடு வரிசையில் நின்றவளும் சிரித்தாள். நானும் சிரித்தேன். எனக்குக் கொஞ்சம் கண்ணீரும் வந்தது, ஆனால் சிரித்தேன். பிரதீபன் மட்டும் சிரிக்கவில்லை. சிரிக்காமல் இருக்கப் பழகிவிட்டார்.

பதிவாகிவிட்டது. ஆனால் பிள்ளையின் காதில் இன்னும் ஒருவரும் சொல்லவில்லை. சட்டத்துக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. அதைச் சொல்ல வேண்டியவர் மாமி, மாமி நீங்கள் ஒருத்திதான்.

ஞாயிற்றுக்கிழமை வாங்கோ. பட்டுச் சேலை வேண்டாம், சனமும் இல்லை. பூச்சுப் பெட்டி கொண்டுவர வேண்டாம். போன் கொண்டுவந்தாலும் பரவாயில்லை. மூன்று தரம் சொல்லுங்கோ. கருத்தையும் சேர்த்துச் சொல்லுங்கோ, நாங்கள் அவளுக்கு ஒளிக்கப் போவதில்லை. பெரியவளானதும் ஏன் வைத்தீர்கள் என்று கேட்டால் நான் பதில் சொல்லுகிறேன். மட்டக்குளி பஸ்ஸைப் பற்றி நீங்கள் விரும்பினால் சொல்லுங்கோ, விரும்பாவிட்டால் பொட்டு வாங்கப் போனதாகவே இருக்கட்டும்.

சொல்லி முடிந்ததும் உடனே எழும்பி ஓட வேண்டாம். பிள்ளையைக் கொஞ்ச நேரம் உங்கள் மடியில் வைத்திருங்கோ. அழுதால் அழட்டும், எனக்குச் சொல்ல வேண்டாம்.

நான் நித்திரை கொள்ள வேண்டும்.

சாருஜா